ஆண்டறிக்கை 2024–25: ஸ்பெயின் இசை, ஓவிய, உணவுப் பயணம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டுச் செயல்பாடுகள் பற்றிய அறிக்கையைச் செயற்குழுவின் சார்பில் பணிவுடன் முன்வைக்கிறேன். மாதாந்திர இசைக் கூட்டங்களும், நூலகமும், சிறுவர் ஓவிய வகுப்பும் இவ்வாண்டும் தடையின்றி நடைபெற்றன. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி அக்டோபர் மாதத்தில் மேற்கொண்ட ஸ்பெயின் பயணத்துக்கு ஒதுக்குகிறேன். பயணத்தில் கலந்துகொள்ள இயலாத உறுப்பினர்களே சங்கத்தில் பெரும்பான்மையினர் என்பதால், சென்றவர்கள் என்ன கண்டோம், என்ன கேட்டோம் என்பதை அவர்களுக்கு விரிவாகச் சொல்வது செயலாளரின் கடமை என்று கருதுகிறேன்.

பயண முகவர்கள் முதலில் கொடுத்த திட்டங்களில் ஊர்கள் மிகுதியாகவும் ஒவ்வோர் ஊரிலும் தங்கும் நேரம் குறைவாகவும் இருந்தன. செயற்குழு அவற்றை ஏற்கவில்லை. மாட்ரிட், டொலேடோ, கோர்டோபா, செவில், கிரனடா, வலென்சியா, பார்சிலோனா ஆகிய ஊர்கள் போதும் என்றும், பார்க்க வேண்டியவற்றை அவசரமின்றிப் பார்க்க வேண்டும் என்றும் முடிவு செய்தோம். ஜூலை முதல் சனிக்கிழமைதோறும் நம் கூடத்தில் முன்தயாரிப்பு வகுப்புகள் நடத்தினோம். மூன்று வயதிலேயே பார்வை இழந்த வாக்கீன் ரோட்ரிகோ 1939இல் கித்தாருக்காக இயற்றிய ‘அரன்ஹுவேஸ்’ இசைக்கோவையை முழுவதுமாகக் கேட்டோம். கித்தார் மேதை அந்த்ரேஸ் செகோவியாவின் ஒலிப்பதிவுகளைக் கேட்டோம். தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையில் பாகோ தெ லூசியா கித்தார் வாசிக்க, கமரோன் பாடிய பதிவுகளை மறுபடியும் மறுபடியும் கேட்டுத் தாளக் கணக்கைப் பழகினோம். அவ்வகுப்புகள் இல்லாமல் இப்பயணம் வெறும் சுற்றுலாவாகவே முடிந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மாட்ரிட்டில் எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி அம்மையார் கலை வரலாறு கற்பித்தவர். 1819இல் திறக்கப்பட்ட பிராடோ அருங்காட்சியகத்தில் வார நாள்களில் மாலை ஆறு மணிக்கு மேல் கட்டணம் இல்லை. எனினும் அந்நேரத்தில் கூட்டம் மிகுதி என்பதால் கட்டணம் செலுத்திக் காலையிலேயே சென்றோம். வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் முன் நீண்ட நேரம் நிற்க முடிந்ததற்கு அதுவே காரணம். ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள அவ்வோவியத்தின் நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரீத்தா நிற்கிறாள். இடப்பக்கத்தில் ஓவியர் தூரிகையுடன் நம்மை நோக்குகிறார். பின்சுவரின் கண்ணாடியில் அரசர் நான்காம் ஃபிலிப்பும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள். ஓவியர் வரைந்துகொண்டிருப்பது யாரை, நாம் நிற்கும் இடம் யாருடைய இடம் என்று உறுப்பினர்கள் தமக்குள் விவாதித்தார்கள். தட்டில் வைத்து இளவரசிக்கு நீட்டப்படும் சிறிய சிவப்பு மண்குவளையை முதலில் எட்ட நின்றும் பிறகு அருகில் சென்றும் பார்க்குமாறு வழிகாட்டி அம்மையார் எங்களிடம் சொன்னார். எட்ட நின்றால் ஈரம் ஊறிய மண்குவளை; அருகில் சென்றால் இரண்டு மூன்று தூரிகை இழுப்புகள். நம் ஓவிய ஆசிரியர் அதன் முன்னிருந்து நகரவே மனமின்றி நின்றார்.

கோயாவின் ‘கறுப்பு ஓவியங்கள்’ பதினான்கும் அதே கட்டடத்தில் உள்ளன. காது கேளாத முதுமையில் தம் வீட்டுச் சுவர்களின் மீதே அவர் வரைந்த அவை, பிற்காலத்தில் துணிக்கு மாற்றப்பட்டவை. அவற்றை அன்றே பார்க்க வேண்டாம் என்று சிலர் கருதினார்கள். அது சரியான கருத்து என்றே இப்போதும் நினைக்கிறேன். மறுநாள் காலை அவற்றைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நடந்தே ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குச் சென்று பிக்காசோவின் ‘குவெர்னிகா’வைக் கண்டோம்.

1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் படைத்தலைவர் ஃபிராங்கோவுக்குத் துணைநின்ற ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் பாஸ்க் நாட்டின் குவெர்னிகா நகரைக் குண்டுவீசி அழித்தன. அவ்வாண்டு பாரிஸ் கண்காட்சியின் ஸ்பானிய அரங்குக்காக ஏற்கெனவே ஓவியம் கேட்கப்பட்டிருந்த பிக்காசோ, அச்செய்தியைப் பொருளாக்கி, ஏழே முக்கால் மீட்டர் அகலமுள்ள இவ்வோவியத்தை ஐந்து வாரங்களுக்குள் முடித்தார். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறம் இல்லை. ஸ்பெயினில் மக்களின் உரிமைகள் மீளும்வரை அங்கு அனுப்பக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டபடி நியூயார்க்கிலேயே இருந்த ஓவியம், 1981இல்தான் ஸ்பெயினுக்கு வந்தது. 1992 முதல் இவ்வருங்காட்சியகத்தில் உள்ளது. அருகிலேயே முன்வரைவுகளும், ஓவியம் வளர்ந்த படிநிலைகளை புகைப்படக் கலைஞர் தோரா மார் எடுத்த படங்களும் வைக்கப்பட்டிருப்பதால், இறந்த குழந்தையை ஏந்திய தாயும் அலறும் குதிரையும் எப்படி இடம் மாறி, உருமாறி இறுதி வடிவம் பெற்றன என்பதைத் தொடர்ந்து காண முடிந்தது. போரின் இழப்பை அறிந்த குடும்பத்தைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் அந்தத் தாயின் முன் கண்கலங்கி நின்றார். அவரைத் தனியே விட்டு மற்றவர்கள் ஒதுங்கி நின்றோம்.

டொலேடோவில் சாந்தோ தோமே ஆலயத்தில், கிரீட் தீவில் பிறந்து அந்நகரையே தம் ஊராக்கிக்கொண்ட எல் கிரெக்கோ 1586 முதல் 1588 வரை வரைந்த ‘ஒர்காஸ் பிரபுவின் அடக்கம்’ ஓவியத்தைப் பார்த்தோம். கோர்டோபாவில் எட்டாம் நூற்றாண்டில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பெரிய பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளை வளைவுகளுக்கிடையே ஒரு பிற்பகல் முழுவதும் நடந்தோம். 1236 முதல் கிறித்தவத் தேவாலயமாக விளங்கும் அக்கட்டடத்தில் இன்று எஞ்சியிருக்கும் தூண்கள் 856. இவ்விரு ஊர்களுக்கும் கூடுதல் நேரம் தந்திருக்கலாம்.

செவில் நகரின் ஃபிளமெங்கோ இசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இரவு உணவுடன் சேர்த்துப் பெரிய அரங்குகளில் நடத்தப்படும் நிகழ்ச்சிகளைத் தவிர்த்து, ஒலிபெருக்கி இல்லாத சிறிய அறை ஒன்றில் பாட்டு, கித்தார், ஆட்டம் மூன்றையும் முன்வரிசைக்கு எட்டும் தூரத்திலிருந்து கேட்க ஏற்பாடு செய்திருந்தோம். ஃபிளமெங்கோ என்றவுடன் ஆட்டமே நினைவுக்கு வந்தாலும், அதன் உயிர் பாட்டில்தான் இருக்கிறது என்பது அந்த அறையில் விளங்கியது. பாடகர் நாற்காலியில் அமர்ந்து, சொற்கள் இன்றி ஓர் இழுப்பில் குரலைத் திறந்து பார்த்தார். கித்தார்க் கலைஞர் உடனே தந்திகளைக் கவ்வியிருந்த சிறிய பிடியை ஒரு கட்டை மேலே நகர்த்திப் பாடகரின் சுருதிக்கு வந்தார். ஃபிளமெங்கோ கித்தார் பெரும்பாலும் சைப்ரஸ் மரத்தால் மெல்லியதாகச் செய்யப்படுவது. விரல்கள் தட்டித் தாளம் எழுப்பும் இடத்தில் மேற்பலகை தேயாதிருக்க மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். ஆடுபவரின் காலணியில் நுனியிலும் குதியிலும் சிறிய ஆணிகள் நெருக்கமாக அறையப்பட்டிருப்பதை நிகழ்ச்சிக்குப் பின் அவரே எடுத்துக் காட்டினார்.

‘சொலெயா’ எனும் வகையின் தாளம் பன்னிரண்டு எண்ணிக்கை கொண்டது. அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் விழுகிறது. நம் சொற்கட்டில் சொன்னால் தகிட தகிட தக தக தக என்று பிரியும் கணக்கு. ஆனால் நாம் பிரிவின் தொடக்கத்தில் அடி கொடுத்துப் பழகியவர்கள். அங்கே அழுத்தம் பிரிவின் முடிவில் விழுவதால், கச்சேரிகளில் முன்வரிசையில் அமர்ந்து தாளம் போடும் நம் மூத்த உறுப்பினர்களுக்கும் முதல் சில சுற்றுகளில் கை தடுமாறியது. மறுநாள் கைத்தட்டல் வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். உள்ளங்கையைக் குவித்துத் தட்டும் அடங்கிய ஓசையையும், மூன்று விரல்களால் உள்ளங்கையில் தட்டும் கூரிய ஓசையையும் ஆசிரியை கற்பித்தார். நம் மிருதங்க ஆசிரியர் அதே கணக்கை வாயால் சொல்லிக் காட்ட, ஆசிரியை அதற்குக் காலால் பதில் தந்தது இப்பயணத்தின் மிகச் சிறந்த நேரங்களில் ஒன்று.

இவ்விசைக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். ஃபிளமெங்கோவை வளர்த்தவர்களுள் முதன்மையான ஹிதானோ மக்களின் (ஸ்பெயினின் ரோமா மக்கள்) முன்னோர் வட இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டுப் பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினை அடைந்தவர்கள். அங்கே அவர்கள் நெடுங்காலம் கொடுமைப்படுத்தப்பட்டார்கள். 1749இல் அரசாணைப்படி ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பிடித்து அடைக்கப்பட்டார்கள். ஆயினும் ஃபிளமெங்கோ இந்திய இசையிலிருந்து நேராக வந்தது என்று சொல்லிவிட முடியாது. தென் ஸ்பெயினின் அந்தலூசியாப் பகுதியின் நாட்டுப் பாடல்களும், அங்கே வாழ்ந்த பல சமூகங்களின் இசையும் அதில் கலந்துள்ளன. இன்று ஃபிளமெங்கோவிலிருந்து பிரிக்க முடியாததாகத் தோன்றும் கஹோன் எனும் பெட்டித் தாளக் கருவியே 1970களின் இறுதியில்தான் பெரு நாட்டிலிருந்து பாகோ தெ லூசியாவால் கொண்டுவரப்பட்டது. உரிமை கொண்டாடுவதைவிட உன்னிப்பாகக் கேட்பதே நமக்குப் பொருத்தமானது.

கிரனடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கான நுழைவுச்சீட்டுகளைக் கடவுச்சீட்டு எண்களுடன் முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம். உள் அரண்மனைகளுக்குக் குறித்த நேரத்தில் மட்டுமே அனுமதி என்பதால் இது தவிர்க்க முடியாதது. பன்னிரண்டு சிங்கங்கள் தாங்கும் நீரூற்று முற்றத்தையும் சுவரெல்லாம் செதுக்கப்பட்ட அரபுக் கவிதை வரிகளையும் கண்டபின், நீர்த்தொட்டிகளின் சதுக்கத்தில் அமர்ந்தோம். 1922 ஜூன் மாதத்தில் இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் இளங்கவிஞர் லோர்காவும் முன்னின்று நடத்திய, ஃபிளமெங்கோவின் பழைய பாட்டு வகையான ஆழ்பாடலுக்கான போட்டி அங்கேதான் நடந்தது. காசுக்காக மலிந்துபோன மேடைகளில் பழைய பாட்டு அழிந்துவிடும் என்று அஞ்சிய அவர்கள், தொழில்முறைக் கலைஞர்களை விலக்கி எளியவர்களைப் பாட அழைத்தார்கள். பரிசு பெற்றவர்களுள் எல் தெனாஸாஸ் எனும் முதியவரும், பிற்காலத்தில் மனோலோ கராகோல் என்று புகழ்பெற்ற சிறுவனும் இருந்தார்கள். கிராமத்துப் பாட்டைத் தேடிப் பதிவு செய்ய நம் சங்கம் எடுத்துவரும் முயற்சிக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

உணவு பற்றி இனிச் சொல்கிறேன். வலென்சியாவுக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல்வயல்கள் பரந்துள்ளன. அரபு ஆட்சிக் காலத்தில் அங்கு வேரூன்றிய நெற்பயிரே பாயேயா எனும் வாணலிச் சோற்றுக்கு அடிப்படை. நாங்கள் சென்றபோது அறுவடை முடிந்திருந்தது. விறகடுப்பின் மேல் அகன்ற, ஆழமற்ற வாணலியை வைத்து, ஆலிவ் எண்ணெயில் கோழியையும் முயலையும் வதக்கி, பட்டை அவரையும் பெரிய வெள்ளைப் பயறும் தக்காளியும் சேர்த்து, தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் குங்குமப்பூவும் அரிசியும் போடுகிறார்கள். அரிசி போட்டபின் கரண்டி வைப்பதே இல்லை. கடைசியில் தீயைச் சற்றுக் கூட்டி அடியில் பொன்னிறக் காந்தல் பிடிக்க வைக்கிறார்கள். அக்காந்தலுக்காகவே வாணலியைச் சுற்றி அமர்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சுரண்டி உண்கிறார்கள். சைவ உறுப்பினர்களுக்காகக் கூனைப்பூவும் அவரையும் இட்டுத் தனி வாணலியில் சமைத்துத் தந்தார்கள்.

சைவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சூரை மீனோ பன்றித் தொடைத் துண்டுகளோ தூவி வருவது வழக்கம். கோர்டோபாவின் குளிர்ந்த தக்காளிக் குழம்பிலும் அவை மேலே இடப்படும். செவிலின் கீரையும் கொண்டைக்கடலையும், முட்டை உண்போருக்கு மாட்ரிட்டின் உருளைக்கிழங்கு முட்டை அடை, பார்சிலோனா அமைந்த கத்தலோனியாவில் தக்காளி தேய்த்து எண்ணெய் ஊற்றிய ரொட்டி ஆகியவை பெரிதும் கைகொடுத்தன. மதிய உணவு இரண்டு மணிக்குமேல், இரவு உணவு ஒன்பதுக்குமேல் என்ற வழக்கம் நீரிழிவுள்ள மூத்தவர்களுக்குச் சிரமம் தந்தது. அடுத்த பயணத்தில் இடைவேளைச் சிற்றுண்டியை நாமே ஏற்பாடு செய்ய வேண்டும்.

பார்சிலோனாவில், ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தை எடுத்துக்கொண்டு 1957இல் பிக்காசோ வரைந்த தொடர் முழுவதையும் பிக்காசோ அருங்காட்சியகத்தில் கண்டோம். அத்தொடரின் முதல் பெரிய ஓவியம் சாம்பல் நிறங்களிலேயே அமைந்திருந்தது. மாட்ரிட்டில் ‘லாஸ் மெனினாஸ்’, ‘குவெர்னிகா’ இரண்டையும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அதன் முன் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பாடகர் குழு ஒன்றுக்காக தொமெனெக் இ மொந்தானேர் எழுப்பி 1908இல் திறக்கப்பட்ட கத்தலான் இசை மாளிகையில் கித்தார்க் கச்சேரி கேட்டோம். கௌதியின் சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தில் மரக்கிளைகளாய்ப் பிரியும் தூண்களையும் பார்த்தோம்.

பயணச் செலவைச் சென்றவர்களே முழுவதுமாக ஏற்றுக்கொண்டார்கள். சங்க நிதியிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. ஆயினும் இத்தகைய பயணத்தால் மிகுந்த பயன் பெறக்கூடியவர்கள் இசையும் ஓவியமும் பயிலும் இளையோர் என்பதும், அவர்களால் இச்செலவைத் தாங்க இயலாது என்பதும் செயற்குழுவின் கவனத்துக்கு வந்தன. எனவே அடுத்த பயணத்தில் ஓர் இசை மாணவருக்கும் ஓர் ஓவிய மாணவருக்கும் இடம் தரத் தனி நிதி தொடங்க வேண்டும் என்றும், முன்தயாரிப்பு வகுப்புகள் பயணம் செய்யாத உறுப்பினர்களுக்கும் தொடர்ந்து திறந்திருக்க வேண்டும் என்றும், சிறிய அரங்குகளில் அமர்ந்து கேட்க இயலும் அளவுக்கே குழுவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது.

வகுப்புகளை நடத்தித் தந்த ஆசிரியர்களுக்கும், விசா விண்ணப்பங்களைப் பொறுமையுடன் சரிபார்த்த இணைச் செயலாளருக்கும், கூடத்தைக் கட்டணமின்றித் தந்துவரும் அறக்கட்டளையினருக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவிக்கிறேன். இவ்வறிக்கையையும் இதிலுள்ள பரிந்துரைகளையும் விவாதித்து ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்