மடியில் கனம் இருந்தால் தப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீட்டு இரும்புப் பெட்டிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பெட்டியைத் திறக்கும் மாற்று எண்ணைத் தயாரித்த கம்பெனியும் வைத்திருப்பதில் தவறில்லை என்று சொல்லி, "மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை" என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். எங்களுக்கு மடியில் கனம் இருக்கிறது ஐயா. அம்மா போட்ட நகை, மாமியார் கொடுத்த நகை, பிள்ளைகளின் பாஸ்போர்ட். கனம் இருப்பதால்தானே இவ்வளவு காசு கொடுத்து அந்தப் பெட்டியையே வாங்கினோம்? இங்கே டெக்சாஸில் இந்தியர் வீடென்றால் தங்கம் இருக்கும் என்பது திருடனுக்கும் தெரியும்.

லிபர்ட்டி சேஃப் என்ற இரும்புப் பெட்டிக் கம்பெனியின் விவகாரத்தைக் கட்டுரையாளர் நாலு வரியில் தாண்டிவிட்டார். தங்களுக்குத் தெரியாததல்ல. 2023 ஆகஸ்ட் கடைசியில் அர்கன்சாஸில் ஒருவர் வீட்டை எஃப்.பி.ஐ. சோதனை போட்டது. 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த கலவர வழக்கு. வாரன்ட் இருந்தது, சரி. ஆனால் அது வீட்டைச் சோதிக்க வாங்கியது. கம்பெனியைப் பார்த்து, பெட்டியைத் திறக்கும் எண்ணைக் கொடு என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. யூட்டாவில் இருக்கும் அந்தக் கம்பெனி, வாரன்ட்டைப் பார்த்துவிட்டுத் தானாகவே பெட்டியின் எண்ணைக் கொடுத்தது. அதிகாரிகள் பெட்டியை அறுத்துத் திறந்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அது அவர்கள் வேலை. அந்த ஆள் யோக்கியரா இல்லையா என்பதும் என் கவலை இல்லை. என் பூட்டுக்கு விற்றவரிடமும் ஒரு சாவி உண்டு என்பதை விற்கும்போதே ஏன் சொல்வதில்லை? வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு, இனி சப்பீனா, அதாவது தகவலைக் கொடு என்று கம்பெனிக்கே வரும் சட்டபூர்வ உத்தரவு, வந்தால்தான் தருவோம், வேண்டாதவர்கள் எண்ணை அழித்துக்கொள்ளலாம் என்றார்கள். என்ன பெருந்தன்மை!

எங்கள் பெட்டி வேறு கம்பெனி, பெயர் வேண்டாம். நாத்தனார் மகள் வளைகாப்புக்குக் கிளம்பும் நேரத்தில் என் கணவர் எண்ணை மறந்துவிட்டார். கம்பெனிக்கு ஃபோன் போட்டோம். பட்டு வேட்டியோடு தரையில் படுத்து, டார்ச் அடித்து, பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீரியல் நம்பரை அவர் படிக்க, நான் எழுதினேன். ரசீதையும் லைசென்ஸையும் படமெடுத்து அனுப்பச் சொன்னாள் ஃபோனில் பேசிய கம்பெனிப் பெண். அனுப்பினோம். எண்ணைச் சொன்னாள், அழுத்தினோம், திறந்துகொண்டது. "எவ்வளவு அருமையான சர்வீஸ்!" என்றார் என் கணவர். எனக்கு வளைகாப்பில் சாப்பாடே இறங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி எங்கள் நகைப்பெட்டியின் எண்ணைப் படித்துக் காட்டுகிறாள், அதற்குப் பெயர் சர்வீஸாம்.

"எண் அரசாங்கத்திடம்தானே போகிறது, என்ன பயம்?" என்றும் கட்டுரையில் ஒரு கேள்வி. அந்த அரசாங்கமே இந்த மாதிரிப் பூட்டை நம்பவில்லையே! 2024 மார்ச்சில் செனட்டர் ரான் வைடன் எழுதிய கடிதத்தைக் கட்டுரையாளர் பார்க்கவில்லை போலும். அதில் அவர் அம்பலப்படுத்தியது இது: தயாரிப்பாளர் எண்ணால் திறக்கக்கூடிய பூட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஆகாது, குடிமக்களுக்கு ஆகும், அவர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் ஹேக்கர்கள் கூடும் டெஃப்கான் மாநாட்டில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், லிபர்ட்டி உட்படப் பல கம்பெனிகள் வாங்கிப் பொருத்தும் செக்யூராம் என்ற கம்பெனியின் சில மின்னணுப் பூட்டுகளை நொடிகளில் திறக்க முடியும் என்று காட்டினார்கள். கம்பெனி தனக்கென்று விட்டுவைத்த வழியில் கம்பெனி மட்டும்தான் வருமா?

2016-ல் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச்சூட்டு வழக்கில் கொலையாளியின் ஃபோனை எஃப்.பி.ஐ.க்குத் திறந்துதர ஆப்பிள் மறுத்தபோது அட்டைப்படம் போட்டுக் கொண்டாடியது தங்கள் இதழ்தான். அப்போது மடியும் கனமும் எங்கே போயின? ஃபோனில் இருக்கும் படத்துக்கு உள்ள மரியாதை பெண்கள் நகைக்குக் கிடையாது போலிருக்கிறது. இதுபோல முன்பு வங்கி லாக்கர் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவும் இல்லை, குப்பையில் போட்டோம் என்று சொல்லவும் இல்லை. பரவாயில்லை, இடப் பற்றாக்குறையாக இருக்கும். அந்த இதழில் ராசிபலன் மட்டும் மூன்று பக்கம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எண் பூட்டு வாங்குகிறவர்கள், தயாரிப்பாளரிடம் மாற்று எண் இருக்கிறதா, அதை அழிக்க முடியுமா என்று கடையிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். வாசகர் கடிதப் பக்கத்தின் மூலையில் வேண்டாம், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
சந்தா தவறாமல் கட்டும் ஒரு வாசகி,
டல்லஸ், டெக்சாஸ்