செபி தென்மண்டல அலுவலகத்துக்கு: பெரிய எழுத்தில் தெரியும் விலைக்கு விற்பவர் யாரும் இல்லை

பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் சென்னை அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் நான். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். வங்கி டெபாசிட் வட்டி போதவில்லை என்று தங்க விலையை ஒட்டி அரசு வெளியிட்ட தங்கப் பத்திரம், கம்பெனிக் கடன் பத்திரம் என்று டீமேட் கணக்கில் (பத்திரங்களை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) வாங்கிப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். வாங்கலாமா கூடாதா என்பது அவரவர் பாடு. என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதே தெரியாமல் வாங்குகிறார்கள் என்பதுதான் என் புகார்.

தங்கப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 நவம்பரில் வர ஆரம்பித்தது, 2024 பிப்ரவரியோடு புதிய வெளியீடு நின்றுவிட்டது. இனி வேண்டுமென்றால், ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து பங்குச்சந்தை வழியாகத்தான் வாங்க வேண்டும். புரோக்கரின் செயலியைத் திறந்தால் பெரிய எழுத்தில் ஒரு விலை தெரிகிறது. அது கடைசியாக யாரோ யாருக்கோ விற்ற விலை. பத்து நிமிடத்துக்கு முன்னால் நடந்ததாக இருக்கலாம், நேற்று நடந்ததாகவும் இருக்கலாம். இப்போது விற்கத் தயாராக நிற்பவர் கேட்கும் விலை, அதாவது ஆஸ்க், இன்னொரு இடத்தைத் தட்டினால்தான் சின்ன எழுத்தில் வருகிறது.

பெரிய கம்பெனிப் பங்குகளில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கடைசி விலைக்கும் கேட்கும் விலைக்கும் நடுவே பெரும்பாலும் சில காசுகள்தான் இருக்கும், அவ்வளவுதான். தங்கப் பத்திரத்தின் கதை வேறு. 60-க்கும் மேற்பட்ட தவணைகளில் அது வெளியானது. ஒவ்வொரு தவணைக்கும் தனிக் குறியீடு, தனி முதிர்வுத் தேதி, தனி ஆர்டர் வரிசை. எல்லாமே ஒரே தங்கம்தான். ஆனாலும் ஒரு தவணையை விற்க நிற்பவர் இன்னொரு தவணையை வாங்க வந்தவர் கண்ணில் படமாட்டார். இருக்கிற கொஞ்ச வியாபாரமும் இப்படிச் சிதறிப் போனால் ஒவ்வொரு வரிசையிலும் நாலு பேர் நின்றாலே பெரிது.

போன வருடம் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா என்னிடம் காட்டிய திரையைச் சொல்கிறேன். அவரை அடையாளம் காட்ட வேண்டாம் என்பதால் எண்களை மாற்றி, சுலபமாக்கித் தருகிறேன். கடைசி விலை கிராமுக்கு 10,000 ரூபாய். விற்பவர் பக்கம்: 10,150-க்கு 3 கிராம், 10,240-க்கு 5 கிராம், 10,600-க்கு 12 கிராம். குறைந்த விலை கேட்பவர் முன்னால் நிற்பார். ஒரே விலை என்றால் முதலில் வந்தவர் முன்னால். டீச்சரம்மா 20 கிராமுக்கு மார்க்கெட் ஆர்டர், அதாவது என்ன விலையானாலும் வாங்கு என்ற ஆர்டர், போட்டார். கணினி வரிசைப்படி மூன்று பேரையும் காலி செய்தது. மொத்தம் 2,08,850 ரூபாய். அவர் மனதில் இருந்த கணக்கு 2 லட்சம்.

“எட்டாயிரத்துச் சொச்சம் யாருக்குப் போச்சு சார், புரோக்கருக்கா?” என்று கேட்டார். இல்லை, விற்றவர்களுக்குத்தான் போனது. யாரும் திருடவில்லை, எந்த விதியும் மீறப்படவில்லை. அதனால்தான் புகார் கொடுக்கக்கூட இடமில்லை. உங்கள் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் எதை எழுதுவது?

அந்தத் தொகையின் கனம் இந்தப் பத்திரத்தில் இன்னும் அதிகம். 2.5 சதவீத வட்டி வெளியீட்டு விலைக்குத்தான் கணக்கு; நீங்கள் இன்று கொடுத்த விலைக்கு இல்லை. வெளியீட்டு விலை 5,000 என்று வைத்தால் வருடத்துக்குக் கிராமுக்கு 125 ரூபாய். டீச்சரம்மா கிராமுக்குச் சராசரியாக 442 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறார். மூன்றரை வருட வட்டி ஒரே தட்டலில் போய்விட்டது. முதிர்வில் கிடைக்கப்போவதும் அவர் வாங்கிய விலையைப் பொறுத்தது இல்லை. புல்லியன் மற்றும் நகை வியாபாரிகள் சங்கம் வெளியிடும் 999 சுத்தத் தங்கத்தின் முந்தைய மூன்று வேலை நாள் சராசரிதான்.

கம்பெனிக் கடன் பத்திரத்துக்கு வருவோம். தனியார் ஒதுக்கீட்டில், அதாவது பொது வெளியீடு இல்லாமல் தேர்ந்த சிலருக்கு மட்டும், வெளியாகும் பத்திரங்களின் முகமதிப்பை (பத்திரத்தில் எழுதியிருக்கும், முதிர்வில் திரும்ப வரும் தொகை) 10 லட்சத்திலிருந்து 1 லட்சமாக்கினீர்கள், 2024-ல் 10,000 வரை இறக்க வழி செய்தீர்கள். ஆன்லைன் பத்திரத் தளங்களையும் 2022-ல் பதிவு வளையத்துக்குள் கொண்டுவந்தீர்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அங்கே வரிசையே கிடையாது. ஒரே விலை, எடுத்தால் எடு, விட்டால் விடு. பல சமயம் விற்பது அந்தத் தளமோ அதைச் சேர்ந்த கம்பெனியோதான். வாங்கின விலைக்கு மேல் எவ்வளவு வைத்து விற்கிறார்கள் என்பது என் வாடிக்கையாளர்கள் காட்டும் எந்தத் திரையிலும் தெரியவில்லை. அதற்குப் பதில் “வருமானம் 8.9%” என்று பச்சை எழுத்தில் போடுகிறார்கள். 10 சதவீத வட்டி, இன்னும் ஒரு வருடம் பாக்கி, முகமதிப்பு 10,000 என்றால் கடைசியில் வருவது 11,000. 10,000-க்கு வாங்கினால் 10 சதவீதம், 10,100 கேட்டால் 8.9 சதவீதம். நூறு ரூபாய் சின்னதாகத் தெரியும், வருமானத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் கழிந்துவிடும். அதிலும், போன வட்டித் தேதியிலிருந்து சேர்ந்த வட்டியை விலைக்குள்ளேயே சேர்த்து ஒரு திரையும், தனியாகப் பிரித்து இன்னொரு திரையும் காட்டுவதால் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் தலை சுற்றுகிறது.

1937-ல் தொடங்கிய மெட்ராஸ் பங்குச்சந்தை சென்னை இரண்டாம் கடற்கரைச் சாலையில் இருந்தது, 2015-ல் மூடிவிட்டார்கள். கூவி விற்ற காலத்தில் ஜாபர் என்று ஒருவர் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் சேர்த்தே சொல்வாராம். பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, அங்கே நடந்த கூத்துகளும் நிறைய. ஆனால் ஒற்றை விலையைச் சொல்லி யாரையும் உள்ளே இழுக்க முடியாது.

சரி, என்ன கேட்கிறேன்? வியாபாரம் மெலிந்த பத்திரங்களுக்கு வாங்கும் பொத்தானுக்கு மேலே கடைசி விலை வேண்டாம். கேட்கும் விலை, எத்தனை கிராம் அல்லது எத்தனை பத்திரம் அந்த விலைக்குக் கிடைக்கும், நான் கேட்கும் அளவுக்குச் சராசரி என்ன ஆகும், இவை இருக்கட்டும். கடைசி விலையைப் போட்டே ஆக வேண்டுமென்றால் அது நடந்த தேதியும் நேரமும் பக்கத்தில் வரட்டும். தங்கப் பத்திரத்துக்கு அன்றைய தங்க விலையும் ஒரு வரியாக வந்தால் நல்லது. இந்த வகைப் பத்திரங்களில் மார்க்கெட் ஆர்டரை எடுத்துவிட்டு, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டர் மட்டும் வைத்தாலே பாதி நஷ்டம் நின்றுவிடும். சில செயலிகள் தாமாகவே அப்படிச் செய்கின்றன. மற்றவற்றைச் செய்ய வைக்க உங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும்.

ஆன்லைன் பத்திரத் தளங்கள் தங்கள் கையிருப்பிலிருந்து விற்கும்போது, வாங்கிய விலையையும் தேதியையும் ரசீதில் எழுத வேண்டும் என்று கேட்டால் எதிர்ப்பு வரும், தெரியும். குறைந்தபட்சம், அதே பத்திரத்தை இன்றே திருப்பி விற்றால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்ற எண்ணையாவது கேட்கும் விலைக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். எடுத்துக்கொள்ளவே மாட்டோம் என்றால் அதையும் அங்கேயே எழுதட்டும்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வரிக் கணக்கர்