டெலிவரி ஓடும் புகலிடக் கோரிக்கையாளர்களுக்கு வேலை உரிமை கேட்டு உள்துறை அமைச்சருக்கு ஒரு மனு

அனுப்புநர்:
ஈஸ்ட் ஹாம் வட்டாரத் தமிழ் மக்கள்,
கிழக்கு லண்டன்.

பெறுநர்:
மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்கள்,
உள்துறை அமைச்சு,
2, மார்ஷம் ஸ்ட்ரீட், லண்டன்.

வழி: எமது தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்

பொருள்: புகலிட விண்ணப்பம் கொடுத்து ஆறு மாதம் கடந்தவர்கள் எந்தத் தொழிலும் செய்ய அனுமதி வேண்டுதல்; பிறர் பெயரிலுள்ள செயலிக் கணக்கை வாடகைக்கு எடுத்து (வாடகை எக்கவுண்ட்) சாப்பாட்டு டெலிவரி ஓடிப் பிடிபடுவோர் மீது வழக்குத் தொடராதிருக்க வேண்டுதல்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் கடை வைத்திருப்பவர்களும், அங்குள்ள சாப்பாட்டுக் கடைகளில் சமைப்பவர்களும், சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்பவர்களுமாகிய நாங்கள் இந்த மனுவைத் தமிழில் எழுதி, எங்கள் ஆட்களுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். ஆங்கிலப் பிரதியை இத்துடன் இணைத்துள்ளோம். கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் இந்நாட்டுக் குடிமக்கள் அல்லது நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள். நாங்கள் யாருக்காகக் கேட்கிறோமோ அவர்களில் ஒருவர்கூடக் கையெழுத்திடவில்லை. டெலிவரி ஓடுகிறேன் என்று ஒருவர் பெயரும் முகவரியும் எழுதித் தந்தால் அதுவே உங்கள் அமைச்சுக்குக் கொடுத்த குற்ற வாக்குமூலம் ஆகிவிடும். அவர்களுடைய பயம் நியாயமானது. அதனால் நாங்கள் யாரையும் வற்புறுத்தவில்லை.

சட்டம் இன்று அவர்களை எந்த நிலையில் வைத்திருக்கிறது என்பதை முதலில் சொல்கிறோம். புகலிடம் கேட்டவர் முதல் பன்னிரண்டு மாதம் எந்த வேலையும் செய்ய முடியாது. அதற்குப் பிறகும், தாமதம் அவருடைய பிழையால் ஏற்படவில்லை என்றால் மட்டுமே அனுமதி கேட்கலாம். அனுமதி கிடைத்தாலும் அரசு வைத்திருக்கும் பட்டியலில் உள்ள தொழில்களை மட்டுமே செய்யலாம். சுயதொழில் அறவே கூடாது. பெரிய டெலிவரி நிறுவனங்களோ தங்களிடம் ஓடுபவர்கள் எல்லோரையும் சுயதொழில் செய்பவர்களாகவே வைத்திருக்கின்றன. ஆகவே பொறுமையாகக் காத்திருந்து, விதிப்படி விண்ணப்பித்து, அனுமதியும் வாங்கியவருக்குக்கூட இந்த வேலைக்கு நேர்வழி கிடையாது.

சமைத்துச் சாப்பிடும் இடத்தில் தங்கியிருப்பவருக்கு 2024 தொடக்கத்தில் வாரத்துக்கு 49.18 பவுண் என்று நிர்ணயித்தீர்கள். சாப்பாடு கொடுக்கும் ஹோட்டலில் இருந்தால் அது 2025இல் 9.95 பவுண். நாளுக்கு ஒன்றரைப் பவுண்கூட இல்லை. உங்கள் அமைச்சு தரும் அஸ்பென் அட்டையில் விழும் இந்தக் காசில்தான் போனுக்கு டேட்டா, சட்டத்தரணியைப் பார்க்கப் போக பஸ், குளிருக்கு ஒரு சப்பாத்து எல்லாம் ஆக வேண்டும். ஊரில் வட்டிக்கு வாங்கியும் நகை அடகு வைத்தும் அனுப்பிவிட்ட குடும்பம் அங்கே மாதாமாதம் கடன்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் ஒரு இருபத்தைந்து வயதுப் பிள்ளை வருடக்கணக்காகக் கையைக் கட்டிக்கொண்டு அறைக்குள் இருப்பான் என்று எந்தத் தாய் நம்புவாள்?

அவனுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு வாடகை எக்கவுண்ட். அது நடக்கும் விதம் உங்கள் அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஓடுபவனின் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்கும்படி கேட்கிறோம்.

வேலை அனுமதி உள்ள ஒருவர் தன் பெயரில் எக்கவுண்ட் திறந்து, அதை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார். எங்களிடம் வந்து பேசியவர்கள் வாரத்துக்கு ஐம்பதிலிருந்து நூறு பவுண்வரை கொடுப்பதாகச் சொன்னார்கள். உழைத்த காசு முழுவதும் எக்கவுண்ட்காரரின் வங்கிக் கணக்குக்கே போகும். அவர் வாடகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார். கொடுக்காமலும் விடுவார், கேட்க முடியாது. செயலி திடீரென்று முகத்தைக் காட்டச் சொல்லும். அந்த நேரம் கையில் இருக்கும் ஓடரோடு எக்கவுண்ட்காரரின் வீட்டுக்கோ கடைக்கோ ஓடிப்போய் அவருடைய முகத்தைப் போனில் காட்ட வேண்டும். அவர் நித்திரை என்றால் அன்றைய உழைப்பு போய்விட்டது. பைக்கும் பல நேரம் வாடகைதான். புதிய ஈ-பைக் வாங்க வழியில்லாதவர்கள் பழைய சைக்கிளில் மோட்டாரும் மலிவான பற்றரியும் பூட்டி ஓடுகிறார்கள். அதைப் பொலிஸ் பறித்தால் பைக்கை வாடகைக்குத் தந்தவனுக்கும் கடன். பற்றரி எரிந்தால் என்ன ஆகும் என்று லண்டன் தீயணைப்புப் படை பல வருடமாக எச்சரித்துக்கொண்டிருக்கிறது. தீ பிடிக்கும் என்று தெரிந்துகொண்டே அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள்.

ஒரு ஓட்டத்துக்கு மூன்று, நான்கு பவுண் விழும். வாரத்தின் முதல் இரண்டு நாள் எக்கவுண்ட் வாடகைக்கும் பைக் வாடகைக்கும் ஓடியே தீர்ந்துவிடும். மழை பெய்தால் ஓடர் கூடும், அதனால் மழையில்தான் அதிகம் ஓடுகிறார்கள்.

எங்கள் கடைக்கு வரும் முல்லைத்தீவுத் தம்பி ஒருவர், நிறுத்தியிருந்த கார் ஒன்றின் கதவு சடாரெனத் திறந்ததில் அடிபட்டு விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. கார்க்காரர் நல்ல மனிதர், அம்புலன்சுக்கு அடிக்கப் போனார். தம்பி அவருடைய கையைப் பிடித்து வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறார். வைத்தியம் பார்க்க அவருக்கு முழு உரிமை இருந்தது. அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்புலன்ஸ் வந்தால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் போன் போகும், போனைத் திறந்தால் கேஸ் போகும் என்றே நினைத்தார். வீங்கிய கையோடு எங்கள் சமையலறைக்குள் வந்து நின்ற பிறகுதான் நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அடுத்த நாளே எக்கவுண்ட்காரர் இன்னொருவருக்கு எக்கவுண்டைக் கொடுத்துவிட்டார். கடைசி வாரக் காசும் வரவில்லை. காப்புறுதி என்று எதுவுமே இல்லை, ஏனென்றால் நிறுவனத்தின் பதிவில் அன்று அந்தத் தெருவில் அவர் ஓடவே இல்லை.

மாண்புமிகு அமைச்சர் அவர்களே, இந்த வாடகை வியாபாரத்துக்கு இடம் கொடுத்தது எது? ஓடுபவர் தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாம் என்ற ஒப்பந்த விதி. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் டெலிவரூ என்ற சாப்பாட்டு டெலிவரி நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது இந்த விதிதான் முக்கிய காரணமாக நின்றது. பதிலாள் அனுப்பும் சுதந்திரம் இருப்பதால் அங்கே ஓடுபவர்கள் வேலை உறவில் இருப்பவர்கள் அல்லர் என்று கூறி, தொழிற்சங்கம் மூலம் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை நீதிமன்றம் மறுத்தது. அதாவது நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து காப்பாற்றும் அதே விதி எக்கவுண்ட்காரருக்கு வாடகை வருமானமாகிறது. இந்த இரண்டு இலாபத்துக்கும் நடுவில் நசுங்குபவர் மழையில் ஓடுபவர். தண்டனை வரும்போது அதுவும் அவர் தலையிலேயே விழுகிறது. 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி அவர் சிறைக்குப் போகலாம், உழைத்த காசையும் குற்றத்தில் வந்த பணம் என்று பறிக்கலாம்.

கடந்த சில வருடங்களாக அரசு எடுத்த நடவடிக்கைகளை நாங்கள் கவனித்தே வருகிறோம். 2024இல் பதிலாள்களின் வேலை அனுமதியையும் சோதிக்க மூன்று பெரிய நிறுவனங்களும் (டெலிவரூ, ஊபர் ஈட்ஸ், ஜஸ்ட் ஈட்) ஒப்புக்கொண்டன. 2025 ஜூலையில், புகலிட ஹோட்டல்கள் இருக்கும் இடங்களை அந்த நிறுவனங்களுக்குக் கொடுக்க முடிவு செய்தீர்கள். 2025 டிசம்பரில் நிறைவேறிய எல்லைப் பாதுகாப்பு, புகலிடம், குடிவரவுச் சட்டம் இந்தச் சோதனைக் கடமையைச் செயலி வழி வேலைகளுக்கும் விரிக்க வழி செய்திருக்கிறது. இவை எல்லாம் எக்கவுண்டை அரிதாக்கின. தேவை குறையவில்லை. அரிதான பொருளுக்கு வாடகை ஏறும் என்பது கடைக்காரர்களான எங்களுக்கு நன்றாகத் தெரியும். டெலிவரியிலிருந்து துரத்தப்பட்டவர்கள் கார் கழுவும் இடங்களுக்கும், சம்பளமே சொல்லாமல் நாள் முழுக்க மாடாக வேலை வாங்கும் இடங்களுக்கும் போகிறார்கள். இதை எங்கள் தமிழ் முதலாளிகளில் சிலரும் செய்கிறார்கள். அதை மறைத்து இந்த மனுவை எழுத எங்களுக்கு மனமில்லை.

ஹோட்டல் விபரம் கொடுப்பதில் இன்னொரு அநியாயமும் நடக்க இடமிருக்கிறது. விசா கிடைத்து, தன் சொந்தப் பெயரில் எக்கவுண்ட் திறந்த ஒருவர் இன்னும் ஹோட்டலில் இருக்கும் நண்பனைப் பார்க்கப் போகலாம், அல்லது அந்தத் தெருவிலேயே அறை எடுத்திருக்கலாம். போன் அந்த இடத்தில் அடிக்கடி நின்றது என்பதற்காக அவருடைய எக்கவுண்ட் பூட்டப்படக் கூடாது.

இம்மனுவை எழுதும் நான் 1999இல் இந்த நாட்டில் தஞ்சம் கேட்டேன். அன்று ஆறு மாதம் கடந்தால் வேலை அனுமதி கேட்கலாம். எனக்கும் கிடைத்தது. பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை. முதல் சம்பளத் துண்டில் என் பெயர் சரியான எழுத்துகளில் இருந்தது, வரியும் கழிக்கப்பட்டிருந்தது. முதலாளி ஒருமுறை கூடுதல் மணித்தியாலக் காசைத் தரத் தயங்கியபோது நான் நிமிர்ந்து நின்று கேட்டேன், தந்தார். என் கேஸ் முடிய அதற்குப் பிறகும் வருடங்கள் எடுத்தன. அந்த வருடங்களில் நான் யாருக்கும் பயந்து ஒளியவில்லை, அரசின் காசில் இருக்கவும் இல்லை. இன்று ஹை ஸ்ட்ரீட்டில் கடை நடத்தும் எங்கள் தலைமுறையில் பலருடைய கதை இதுதான்.

அந்த ஆறு மாதச் சலுகையை 2002 ஜூலையில் அரசு எடுத்துவிட்டது. வேலை கொடுத்தால் இன்னும் ஆட்கள் வருவார்கள் என்பதே இன்றுவரை சொல்லப்படும் காரணம். ஆனால் அதே 2002இல் உங்கள் அமைச்சே வெளியிட்ட ஆய்வு, புகலிடம் கேட்டு வந்தவர்களுக்கு இங்குள்ள வேலை விதிகள் பற்றி விபரமாக எதுவும் தெரிந்திருக்கவில்லை என்றுதான் கண்டது. உறவினர் இருப்பது, மொழி கொஞ்சம் தெரிவது, கூட்டி வந்தவன் கொண்டுவந்து இறக்கிய இடம் என்பவைதான் அவர்களை இங்கே கொண்டுவந்தன. எங்கள் அனுபவமும் அதுவே. வன்னியிலிருந்து புறப்பட்டவன் லண்டனில் சித்தப்பா இருக்கிறார் என்றுதான் வந்தான், வேலைச் சட்டத்தின் பந்திகளைப் படித்துவிட்டு அல்ல. 2021இல் அரசின் குடிவரவு ஆலோசனைக் குழுவும் இந்தத் தடையை மீளாய்வு செய்யும்படி கேட்டது. கனடாவில் தஞ்சம் கேட்ட எங்கள் உறவினர்களுக்கு மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் வேலை அனுமதி கிடைக்க வழியுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் உச்ச வரம்பை ஒன்பது மாதத்திலிருந்து ஆறு மாதமாகக் குறைத்தது.

சட்டப்படி ஓடும் ரைடர்கள் சிலர் எங்கள் கூட்டத்துக்கு வந்து, வாடகை எக்கவுண்ட்களால்தான் தங்கள் ஓட்டக் காசு குறைந்தது என்று கோபமாகப் பேசினார்கள். தனியாக இருக்கும் பெண்கள், கதவைத் தட்டுபவர் செயலியில் காட்டும் ஆள்தானா என்று தெரிய வேண்டும் என்றார்கள். இரண்டும் நியாயமான பேச்சு. எல்லோரும் தங்கள் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு, ஒரே கூலிக்கு ஓடினால் இந்த இரண்டு குறையும் தீரும். நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

ஆகவே தங்களிடம் நாங்கள் கோருவது இது. விண்ணப்பம் கொடுத்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லப்படாத எவருக்கும், மேன்முறையீட்டில் இருப்பவர் உட்பட, பட்டியல் கட்டுப்பாடு இல்லாமல் சுயதொழில் உட்பட எந்தத் தொழிலும் செய்ய அனுமதி தர வேண்டும். இதுவே தலையாய கோரிக்கை. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான். இந்த மாற்றம் வரும்வரை, வாடகை எக்கவுண்டில் ஓடிப் பிடிபடுபவர்மீது வழக்குத் தொடராமலும், அவருடைய உழைப்புக் காசைப் பறிக்காமலும், அதை அவருடைய புகலிட வழக்கில் நம்பகத்தன்மைக்கு எதிராகப் பாவிக்காமலும் இருக்க வேண்டும். பல எக்கவுண்ட்களை வைத்து வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்கள் பக்கம் தங்கள் அதிகாரிகள் திரும்ப வேண்டும். சம்பளம் ஏமாற்றப்பட்டது, அடிபட்டது, அடிக்கப்பட்டது என்று முறையிட வருபவரின் விபரம் குடிவரவுப் பிரிவுக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். அந்த உறுதி தமிழ் உட்பட அவர்கள் வாசிக்கும் மொழிகளில் ஹோட்டல்களில் ஒட்டப்பட வேண்டும். ஹோட்டல் இடத்தை மட்டும் காரணமாக வைத்து எக்கவுண்ட் பூட்டும் முன்பு சம்பந்தப்பட்டவரின் பத்திரங்களை ஒரு மனிதர் பார்க்க வேண்டும். பதிலாள் விதியை வைத்திருக்க விரும்பும் நிறுவனம் அந்தப் பதிலாளை அவருடைய பெயரிலேயே பதிந்து, அவருக்கும் விபத்துக் காப்புறுதி கொடுக்கும்படி வணிக அமைச்சோடு சேர்ந்து விதி செய்ய வேண்டும்.

இம்மனுவுக்கு எழுத்து மூலம் பதில் தரும்படியும், எங்களில் சிலர் தங்கள் அதிகாரிகளை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம். முல்லைத்தீவுத் தம்பியைப் போன்றவர்களின் வாக்குமூலங்களைப் பெயர் நீக்கி எழுதி வைத்திருக்கிறோம். அவர்களுக்குப் பாதிப்பு வராது என்ற உறுதி கிடைத்த அன்றே அவற்றைக் கையளிக்கத் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஈஸ்ட் ஹாம் வட்டாரத் தமிழ் மக்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள், மனுவின் ஆங்கிலப் பிரதி