மணம் போகவில்லை என்று பெட்டிகளை எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் நாங்கள் வசிக்கும் தொடர்மாடியில், குப்பை வைக்கும் இடத்தில் சென்ற வாரம் ஒரு பை கிடந்தது. உள்ளே மூடியுடன் ஏழு பிளாஸ்டிக் பெட்டிகள். ஒன்றிலும் வெடிப்பில்லை. திறந்து முகர்ந்தபோதுதான் காரணம் விளங்கியது. இரண்டில் கருவாட்டு மணம், ஒன்றில் மாசிச் சம்பல், மற்றவற்றில் உள்ளியும் யாழ்ப்பாணத்துத் தூளும். ஏழையும் மேலே கொண்டுவந்துவிட்டேன்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகள்மீது சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில், சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்தது. எங்கள் வீட்டிலும் சோறு பெட்டிக்கு மாறியது. அந்தப் பெட்டியையும் மணத்துக்காக எறிந்தால் என்ன பயன்? கொழும்பில் நாம் எறிவது யாரோ ஒருவருடைய வீட்டுக்குப் பக்கத்தில்தான் போய்க் குவிகிறது.

மணம் போகாததற்குக் காரணம் எண்ணெய். பிளாஸ்டிக் எண்ணெயை இழுத்து வைத்துக்கொள்ளும். தூள், உள்ளி ஆகியவற்றின் மணம் அந்த எண்ணெயோடு உள்ளே தங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் எத்தனை தடவை அலசினாலும் அது அசையாது. ஆகவே முதலில் பழைய பத்திரிகைத் தாளால் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

பெரும்பாலானோர் விட்டுவிடும் இடம் மூடி. சம்பல் பெட்டியின் மூடியில் இருந்த றப்பர் வளையத்தைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தேன். அடியில், பள்ளம் நெடுகிலும் தடித்த நூல்போலக் கபில நிறத்தில் பழைய எண்ணெய்! பெட்டியைப் பளபளவென்று கழுவியிருந்தார்கள். மணம் முழுவதும் அந்த வளையத்துக்குள் இருந்தது. வளையத்தைத் தனியாக ஊறவையுங்கள்.

மீன் மணத்துக்குப் புளிப்பு வேண்டும். மீன் வெட்டிய கையில் தேசிக்காய் தேய்ப்பது இதற்காகத்தான். கருவாட்டுப் பெட்டிகளில் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி அரை மணி நேரம் வைத்தேன். மற்றவற்றில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து இரவு முழுவதும் விட்டேன். சோடாவோ சவர்க்காரமோ பட்டால் மஞ்சள் கறை சிவந்து தோன்றலாம். பயப்பட வேண்டாம், மஞ்சளின் இயல்பு அது. பிறகு வெயில். எங்கள் பல்கனி கடலைப் பார்த்தது, பின்னேரம்தான் வெயில் வரும். ஆனாலும் மூன்று நாளில் மஞ்சள் கறை வெளிறிவிட்டது. வெயிலே வராத வீட்டில் பத்திரிகைத் தாளைக் கசக்கிப் பெட்டிக்குள் அடைத்து, மூடி இரண்டு இரவு வைக்கலாம். தாள் மணத்தை உறிஞ்சும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வெண்மையாக்கும் திரவத்தையும் வினாகிரியையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அவை சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். ஜன்னல் சிறிதான தொடர்மாடிக் குசினியில் அது மூச்சை அடைத்துவிடும். எங்கள் மாடியில் ஒரு தங்கச்சி இரண்டையும் ஒரே பேசினில் ஊற்றப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்படிச் செய்தால் மணம் நன்றாகப் போகும் என்று யாரோ சொன்னார்களாம். இப்படி வாய்வழியாகப் பரவுவதால்தான் இதைத் தங்கள் பத்திரிகையில் பிரசுரிக்கக் கேட்கிறேன்.

ஏழில் ஆறு பெட்டிகள் மீண்டுவிட்டன. ஏழாவதை யாரோ கம்பிப் பஞ்சால் தேய்த்து உள்ளே முழுவதும் கீறியிருந்தார்கள். கீறலுக்குள் எண்ணெயும் அழுக்கும் புகுந்தால் எடுக்க முடியாது. அதில் இனி உணவு போட மனம் வரவில்லை. உடுப்புக் கிளிப்புகள் போட வைத்துக்கொண்டேன். மற்ற ஆறையும் நன்றாக உலர்த்தி, மூடிகளைப் பூட்டாமல், கீழே காவலாளியின் மேசையில் வைத்திருக்கிறேன். உரியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு