கேட்கத் தயங்கும் கேள்விகளைக் கேட்கக் கற்றுத் தந்தவர்களுக்கு நன்றி

எங்கள் வட்டாரத்துத் தாய்மார்களுக்கும், அவர்களுடைய குடும்பத்தாருக்கும், பயிற்சிக்குத் துணைநின்ற மருத்துவர்கள், மூத்த செவிலியர்கள், நாடகக் கலைஞர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பெண்களைப் பார்க்கச் செல்லும் கிராம சுகாதார செவிலியர்களுக்காக நடத்திய பயிற்சி உங்கள் தயவால் நல்லபடியாக நிறைவடைந்தது. குழந்தையின் எடை, தொப்புள், தடுப்பூசி, தாயின் தையல், உதிரப்போக்கு ஆகியவற்றை விசாரிக்க எங்களுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் மனம் எப்படியிருக்கிறது, வீட்டில் அவளை யாரேனும் அடிக்கிறார்களா, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்றெல்லாம் கேட்பதற்கு எங்களில் பலருக்கு முறையான பயிற்சி கிடைத்திருக்கவில்லை.

இது தேவைதானா என்று தொடக்கத்தில் கேட்டவர்களுக்கு எங்கள் மனநல மருத்துவர் வேலூர் ஆய்வு ஒன்றைக் காட்டியே விடை தந்தார். கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வேலூர் அருகே கிராமப்புறப் பெண்களிடையே நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் சுமார் 11 விழுக்காட்டினர். வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள மனக்கசப்பு, வேலைகளில் கைகொடுக்க ஆளில்லாமை ஆகியவை அந்தச் சோர்வோடு சேர்ந்து காணப்பட்டன. இவை அனைத்தும் நாங்கள் நுழையும் வீடுகளில் கண்முன்னே இருப்பவை. அந்த மருத்துவருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதை, எங்கள் அச்சம் தீரும்வரை பொறுமையோடு அவர் விளக்கினார்.

எல்லாரையும்விட அதிகமாக நன்றி சொல்ல வேண்டியது, பயிற்சியறைக்கு வந்து அமர்ந்த தாய்மார்களுக்கே. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை அறிய 1987இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கப்பட்ட எடின்பரோ அளவுகோலில், கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 கேள்விகள் உள்ளன. அவற்றின் தமிழ் வடிவத்தை நாங்கள் தாளைப் பார்த்து வாசித்துக் காட்டியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர்களைப் போல் இருக்கிறீர்கள் என்று அவர்கள் நேராகவே சொன்னார்கள். முதலில் பிள்ளையைக் கையில் வாங்குங்கள், இரவில் தூங்க முடிகிறதா, சாப்பிட்டாயா என்று தொடங்குங்கள், அழ ஆரம்பித்தால் உடனே ஆறுதல் சொல்லி வாயை அடைக்காதீர்கள் என்று அவர்கள் தந்த அறிவுரை எந்தக் கையேட்டிலும் எங்களுக்குக் கிடைத்திராதது. தம் துயரத்தைப் பிறர் பயிற்சிக்காகத் திறந்து காட்டுவது எளிய செயல் அன்று. பெயரைச் சொல்லக்கூடாது என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே சொல்லவில்லை.

ஒற்றை அறை வீட்டில் தனிமைக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு ஓய்வுபெற்ற மூத்த செவிலியர் வழிகாட்டினார். தையலையும் மார்பகத்தையும் பார்க்க வேண்டும் என்று சொன்னால் எல்லாரும் இயல்பாகவே வெளியே போய்விடுவார்கள். பேச வேண்டியதை அப்போது பேசிவிடலாம். அதே வேளையில் மாமியாரை எதிரியாக எண்ணிவிடாமல், அவரிடமும் முதலில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். பல வீடுகளில் அவர்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவருபவர். குடித்துவிட்டு வந்த கணவராகவும் கதவருகே நின்று ஒட்டுக்கேட்கும் உறவினராகவும் நடித்துக் காட்டிய கலைஞர்களால், கணவர் திடீரென உள்ளே வந்தால் பேச்சைத் தடுப்பூசித் தேதிக்கு மாற்றும் பழக்கமும் எங்களுக்குக் கைவந்தது. அடிபடும் பெண்ணுக்கு அந்த ஒரு நொடியே ஆபத்தானது.

கேட்டுவிட்டு, கிடைத்த பதிலோடு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது, கேட்காமலிருப்பதைவிடத் தீங்கானது என்றே நான் கருதுகிறேன். ஆகவே, மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் நாங்கள் அனுப்பும் பெண்களைத் தாமதமின்றிப் பார்ப்பதாக உறுதியளித்தது மிகப் பெரிய உதவி. மனநல ஆலோசனைக்கு 14416, பெண்களுக்கான உதவிக்கு 181 ஆகிய எண்களைக் குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் எழுதித் தரலாமா என்று நாங்கள் கேட்டபோது, கணவர் கைக்கும் போகும் அட்டையில் எழுதாதீர்கள், மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள் என்று தடுத்தவரும் ஒரு தாய்தான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் அதன்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரை அணுகும் முறையையும் கட்டணமின்றி விளக்கிய வழக்கறிஞருக்கும் எங்கள் நன்றி.

கேட்ட துயரங்களைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும் செவிலியர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேச, தம் அலுவலகத்தின் பின்னறையை ஒதுக்கித் தந்த ஊராட்சித் தலைவருக்கும் நன்றி கூறுகிறோம். அடுத்த வட்டாரத்தில் இப்பயிற்சி தொடங்கும்போதும் முதல் வகுப்பைத் தாய்மார்களே நடத்த இசைந்திருக்கிறார்கள்.

பணிவுடன்,
பயிற்சிக் குழுவின் சார்பில்,
ஒரு கிராம சுகாதார செவிலியர்