ஏசி3 ஆடியோவும் பொருந்தாத கோடெக் ஃபைலும்: வீடியோ பிளேயர் நிறுவனத்துக்கு ஒரு புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பணம் கட்டி வாங்கிய பதிப்பில் சத்தம் வராதது, கஸ்டம் கோடெக் (ஒலியைப் படித்து ஓடவைக்க நாமே சேர்க்கும் துணை நிரல்) நிறுவ முடியாதது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் வீடியோ பிளேயரின் விளம்பரமில்லாத பதிப்பைப் பணம் கட்டி வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டு ஹேண்டிகேம் வீடியோக்களை அதில் போட்டால் படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. 'ஏசி3 ஆடியோ ஆதரிக்கப்படவில்லை' என்று ஒரு வரி வந்து மறைகிறது. ஏசி3 என்பது ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு வடிவம்.

இவை எங்கேயோ இறக்கிய சினிமா இல்லை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போனபோது அப்பா எடுத்தவை. கோயில் குகைக்கு வெளியே உட்கார்ந்து பாட்டி பேரப்பிள்ளைகளுக்கு மலைக்கதை சொல்கிறார். பாட்டி இப்போது இல்லை. அவர் வாய் அசைவது மட்டும்தான் உங்கள் செயலியில் தெரிகிறது. ஏற்காட்டில் எங்கள் பக்கம் சிக்னல் நிற்காது. எதையும் போனில் ஏற்றி வைத்துத்தான் பார்க்க முடியும்.

ஏசி3 அபூர்வமான வடிவம் அல்ல. சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஹெச்டி என்ற வீடியோ பதிவு முறையில் இயங்கும் கேமராக்கள் பெரும்பாலும் அதில்தான் ஒலியைப் பதிகின்றன.

உங்கள் உதவிப் பக்கம் சொன்னபடியே செய்தேன். செட்டிங்ஸில் டிகோடர் பகுதியில் என் போனின் சிப்புக்கு ஏற்ற ஏஆர்எம்வி8 கோடெக் வேண்டும் என்று காட்டியது. நீங்கள் கொடுத்த இணைப்பிலிருந்தே ஸிப் ஃபைலை இறக்கினேன். முதலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரே உங்கள் செயலிக்குக் காலியாகத் தெரிந்தது. செயலிகள் எல்லா ஃபைல்களையும் பார்க்க முடியாதபடி ஆண்ட்ராய்டு 11 முதல் கட்டுப்பாடு இருக்கிறது; அதற்கேற்ப நீங்கள் மாறவில்லை. ஒருவழியாக ஃபைலைக் காட்டினால், 'பதிப்பு பொருந்தவில்லை' என்கிறது. செயலி ப்ளே ஸ்டோரில் தானாகவே அப்டேட் ஆகிவிட்டது, கோடெக் பழசாகவே கிடக்கிறது. இதில் நான் செய்ய என்ன இருக்கிறது?

உங்கள் சேவைப் பிரிவு சொன்ன பதில்தான் கோபத்தைக் கிளப்பியது. "வேறு தளங்களில் தேடிப் பாருங்கள்" என்றார்கள். கோடெக் என்பது பாட்டு ஃபைல் இல்லை, செயலிக்குள் ஓடும் நிரல். யாரோ ஏற்றி வைத்ததை, என் படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கியிருக்கும் செயலிக்குள் நானே நுழைக்க வேண்டுமா? இப்படி யோசனை சொல்லலாமா ஒரு நிறுவனம்?

உரிமக் கட்டணத்தால்தான் இந்த ஒலி வடிவங்களைச் செயலியிலிருந்து நீக்கினோம் என்கிறீர்கள். டிடிஎஸ் என்ற இன்னொரு ஒலி வடிவத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஏசி3 காப்புரிமைகள் 2017இலேயே முடிந்துவிட்டனவே! இதே போனில், இதே வீடியோ விஎல்சி என்ற வேறொரு பிளேயரில் சத்தத்தோடு ஓடுகிறது. அப்படியானால் அதையே வைத்துக்கொள் என்பீர்கள். சரி, ஆனால் நான் பணம் கட்டியது உங்களிடம்.

ஆகவே அடுத்த அப்டேட்டில் ஏசி3-ஐ செயலிக்குள்ளேயே சேருங்கள். அதுவரை ஒவ்வொரு பதிப்புக்கும் பொருந்தும் கோடெக்கை உங்கள் தளத்திலேயே வையுங்கள். இரண்டும் முடியாதென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பதில் வராவிட்டால் சேலம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், சத்தம் வராத வீடியோவின் ஒரு துண்டு.