வட்டு நிரம்பவில்லை, நண்பா

அன்பு நண்பா,

இங்கே அனைவரும் நலம். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னைத் தூங்கவிடவில்லை. இடமில்லை என்று நம் பழைய டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைத்த) கோப்புகளை அழிக்கத் தொடங்கிவிட்டாயாமே! முதலில் அதை நிறுத்து.

நீயே எழுதியிருக்கிறாய்: வட்டு இருக்கும் லினக்ஸ் கணினியில் பார்த்தால் 8,212 எம்பி காலி. அதே வட்டை வலையமைப்பு வழியே விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலிருந்து நம் பக்க வடிவமைப்பு மென்பொருள் பார்த்தால் 20 எம்பிதான் காலி என்கிறது, சேமிக்க மறுக்கிறது. 400 எம்பியை அழித்ததும் சேமித்தது. அதனால் இடப் பற்றாக்குறைதான் என்று முடிவு கட்டிவிட்டாய்.

அந்த மென்பொருள் 1990களில் எழுதப்பட்டது. காலியிடத்தை பைட்டுகளாகப் பெருக்கி 32 பிட் எண்ணில் வைத்துக்கொள்கிறது. அதில் 4,294,967,295 வரைதான் அடங்கும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999ஐத் தாண்டியதும் 00000 காட்டுமே, அதேபோல 4,096 எம்பிக்கு ஒரு சுற்று. 8,212இல் இரண்டு சுற்று போக மீதி 20. நீ 400 அழித்ததும் மீதி 420 ஆயிற்று, அவ்வளவுதான். அழிக்காமல் 100 எம்பி கோப்பொன்றைக் கூடுதலாகப் போட்டிருந்தாலும் சேமித்திருக்கும். மீதி 4,016 ஆகியிருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

என்னிடமுள்ள விண்டோஸ் 95 கணினியில் கோளாறு வேறு விதம். அது எவ்வளவு பெரிய வட்டையும் 2 ஜிபிக்கு மேல் காட்டாது. 300 எம்பி நகலெடுத்த பிறகும் காலியிடம் துளியும் குறையவில்லை.

சரிசெய்வது எளிது. லினக்ஸ் வட்டை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் மென்பொருளான சாம்பாவின் அமைப்புக் கோப்பில், குளோபல் (global) பகுதியில், 'மேக்ஸ் டிஸ்க் சைஸ்' (max disk size) என்ற வரியைச் சேர்த்து 1000 என்று கொடு. வட்டு 1,000 எம்பிக்கு மேல் இல்லாததுபோல எல்லாக் கணினிகளுக்கும் தெரியும். தோற்றத்துக்குத்தான் அந்த வரம்பு. எவ்வளவு வேண்டுமானாலும் சேமிக்கலாம். பெரிய வட்டுகளில் தடுமாறும் மென்பொருள்களுக்காகவே சாம்பாவை எழுதியவர்கள் இதை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். எக்ஸ்பிக்காக நீ திறந்துவைத்திருக்கும் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டும் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே இருக்கட்டும். இணையத்தின் பக்கம் தெரியக் கூடாது.

அழித்தவை எவை என்று உடனே எழுது. கல்யாணப் பத்திரிகைகள் என்றால் போகட்டும். இரவெல்லாம் விழித்து நாம் பக்கம் கட்டிய பொங்கல் மலரும் அதில் இருந்ததா? யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருப்பதால் வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லை. நான் வரும்வரை அந்த வட்டில் எதையும் சேமிக்காதே, பகிர்வையும் துண்டித்து வை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், மீட்க முடிகிறதா பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி